கிளப்புப் படமும் மூன்றாம் ஓலையும்

என் வயதுக்காரர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். சினிமா பார்த்ததற்காகக் கோவிலில் எல்லோருக்கும் முன்னால் முழங்காலில் நின்ற கல்யாணப் பெண்ணை உங்களில் யாராவது பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். அவள் என் சின்னம்மை, அம்மைக்கு நேர் இளையவள். எனக்கு அப்போது புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எது பாவம், எது பாவமில்லை என்று என்னளவுக்குத் தெளிவாகத் தெரிந்த ஆள் ஊரிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதுள்ள பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "படம் பாத்ததுக்கா?" என்று போனிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஓலையும் தெரியாது, கொட்டகையும் தெரியாது. அவர்களிடம் சொல்லி என் வாய்தான் வலிக்கும். உங்களிடம் சொல்கிறேன்.

ஓலை வாசிப்பது உங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் பையன் பேரையும் பெண் பேரையும் சாமியார் வாசிப்பார். இவர்களுக்குள் தடை ஏதாவது இருப்பது தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும். தெரிந்தும் சொல்லாமலிருந்தால் பாவம். எங்கள் பங்குச் சாமியார் வெளியூர்க்காரர், இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. ஒரு ஆள் வந்து சொன்னால் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். இரண்டு பேர் சொன்னால் ஓலையை நிறுத்திவிட்டுத் தனக்கு மேலே இருக்கிற ஆயருக்கு எழுதிப்போடுவார். அதற்கு முந்தைய வருஷம் இரண்டு கிழவர்கள் சேர்ந்து போய், பையனும் பெண்ணும் ஏதோ ஒரு தலைமுறையில் உறவு என்று சொன்னார்கள். உறவுமில்லை ஒன்றுமில்லை என்று பதில் வருவதற்குள் அந்தப் பையன் கொச்சிப் பக்கம் விசைப்படகுக்குப் போய் அங்கேயே கல்யாணமும் கட்டிவிட்டான்.

அந்தப் பெண்தான் என் சின்னம்மை. அதனால் இந்த இரண்டாவது சம்பந்தம் வந்தபோது வீட்டில் யாரும் சத்தமாகக்கூடப் பேசவில்லை. மாப்பிள்ளை ஆற்றுக்கு அந்தக் கரை ஊர். படகு எஞ்சின் மெக்கானிக். கல்ஃபுக்கு விசா வந்து கையில் இருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு அவர் புறப்படவேண்டும், தள்ளிப்போட்டால் அவர் போய்விடுவார். முதல் ஓலை நல்லபடியாக வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு பாக்கி. இன்னொரு முறை ஓலையில் நின்றுபோனால் சின்னம்மையைக் கேட்டு ஒருத்தனும் படியேறமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது.

படத்தின் பேரைச் சொல்லப்போவதில்லை. தேடினாலும் கிடைக்காது, நான் தேடிப் பார்த்துவிட்டேன். வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஒரு துறைமுகப் பட்டணம், அதில் எதிரும் புதிருமாக இரண்டு ராத்திரிக் கிளப்பு. ஒரு கிளப்பு முதலாளி குண்டு, இன்னொருவர் ஒல்லி. இருவரிடமும் தொப்பி போட்ட அடியாட்கள். கதையில் கோவா மாதிரி ஓர் இடம் வேண்டியிருந்ததாம், அதற்காக ஆற்றுக்கு அந்தக் கரையில் பூட்டிக் கிடந்த பழைய கோவிலையும் ஒரு வெள்ளைக்கார பங்களாவையும் பிடித்து, சில நாட்கள் அங்கேயே தங்கிப் படமெடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர் மொத்தமும் கடத்துத் தோணி ஏறிப் போய் வேடிக்கை பார்க்கக் கிளம்பியபோது சாமியார் தோணிக்காரனைக் கூப்பிட்டு மிரட்டினார். அதனால் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காத ஆத்திரம் ஊருக்குள் அப்படியே இருந்தது.

ஒரு வருஷம் கழித்துப் படம் முக்குக் கொட்டகைக்கு வந்தது. உங்களுக்குக் கொட்டகை ஞாபகமிருக்கிறதா? தகரக் கூரை, கீழே மணல், பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு சுவர். மழை பெய்தால் வசனம் கேட்காது. சைக்கிளில் குழாய் கட்டிக்கொண்டு வந்தவன் மஞ்சள் நோட்டீஸ்களை வீசிவிட்டுப் போனான். குண்டு முதலாளியின் மடியில் ஒருத்தி கையில் கிளாசோடு உட்கார்ந்திருக்கிற படம். அதில் ஒன்று காற்றில் பறந்து போய்ச் சாமியார் பங்களா முற்றத்திலேயே விழுந்தது.

அந்த ஞாயிறு, சின்னம்மையின் இரண்டாம் ஓலையை வாசித்த அதே வாயால் சாமியார் சொன்னார், "அந்தப் படத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பீடத்தில் நன்மை கிடையாது. நாக்கை நீட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கவேண்டாம்."

நன்மை வாங்கப் போகாமல் உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். சுற்றியிருக்கிறவர்கள் என்ன பாவமோ என்று மனதுக்குள் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதைவிட வெயிலில் கட்டிப்போட்டு அடித்திருக்கலாம்.

சின்னம்மை போயே தீருவது என்று முடிவு செய்தாள். படத்தில் தான் வருவதாக மாப்பிள்ளை யாரிடமோ சொல்லியனுப்பியிருந்தார். படக்காரர்களின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டது அவர்தானாம், ஏதோ ஒரு காட்சியில் கூட்டத்தோடு நிற்கவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். பெண் பார்க்க வந்தபோது அவள் தலையை நிமிர்த்தவே இல்லை, அவருடைய முட்டிக்கு மேலே எதையும் பார்த்ததில்லை. கட்டிக்கொள்ளப்போகிற முகத்தை ஒருதரம் ஆசைதீரப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பல்வலி என்றும், தக்கலைக்கு வைத்தியரிடம் கூட்டிப்போவதாகவும் அம்மையிடம் சொன்னாள். பொய் உண்மையாகத் தெரியவேண்டும் என்று என் கன்னத்துக்குள் பஞ்சும் கிராம்பும் வைத்து அடைத்தாள். மதியக் காட்சி. நாக்கு மரத்துப்போய், எச்சில் விழுங்கமுடியாமல், முக்காட்டுக்குள் மூச்சுமுட்டிக்கொண்டு நான் பார்த்த முதல் கிளப்பு அதுதான்.

உண்மையைச் சொன்னால் படம் வயிறு குலுங்கச் சிரிக்கிற படம். போலீஸ் வந்தால் கிளப்பு மேடை அப்படியே சுழலும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் மறுபக்கம் போய்விட, பஜனை பாடுகிற ஒரு கூட்டம் ஜால்ராவோடு முன்னால் வரும். சாராயத்தைச் சவப்பெட்டியில் வைத்து ஒப்பாரியோடு தூக்கிப்போவார்கள். வழியில் பெட்டி ஒழுக, தூக்கிப் போகிறவர்கள் நாலு பேரும் தள்ளாட ஆரம்பிப்பார்கள். நான் சிரிக்கச் சிரிக்கப் பஞ்சு வெளியே வந்தது.

இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். முக்காடு போட்ட தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முன்வரிசையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி, மாதா சபைத் தலைவி, சொந்தத்தில் சாவு என்று காலையில் கிளம்பிப் போனவள். அவளுக்குப் பின்னால் கோவில் பாட்டுக்காரிகள் மொத்தப் பேரும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள். அதில் தேங்காய்ப்பட்டணத்தில் மீன் ஏலம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்த என் மாமா, அம்மையின் அண்ணன், எங்கள் குடும்பத்துக்குத் தலைவர், முறுக்கைக் கடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. விளக்கு அணைந்ததும் கொட்டகை முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பிறகுதான் அந்தக் காட்சி வந்தது. ஒல்லி முதலாளி, குண்டு முதலாளியை வரவழைத்துச் சுடுவதற்காகத் தன் அடியாளுக்குக் கிளப்பில் ஆடுகிற பெண்ணைக் கல்யாணம் செய்துவைக்கிறார். கோவில் முழுக்கத் தொப்பிக்காரர்கள், பூச்செண்டுக்குள் துப்பாக்கி. பீடத்தில் குருவானவர் உடுப்பில் நின்றது யாரோ நடிகர் இல்லை. ஆற்றுக்கு அந்தக் கரை ஊர் உபதேசியார். நடிகருக்குக் கல்யாண மந்திரம் வாயில் நுழையவில்லை என்று உபதேசியாரையே நிற்கவைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. சாமியார் இல்லாத நேரத்தில் சாகக்கிடக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறவர், குழியில் மண்ணை மந்திரிக்கிறவர். அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தை எங்களுக்கு விளையாட்டில்லை. அதே ராகத்தில், அதே இழுவையில், "சம்மதமா?" என்று கேட்டார்.

கோட்டுப் போட்ட மாப்பிள்ளையின் முதுகு, "சம்மதம்" என்றது.

பெண்ணிடம் கேட்டார். அவளும் "சம்மதம்" என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மோதிரம் மாற்றினார்கள். பூச்செண்டு வெடித்தது. மாப்பிள்ளை பயந்து இந்தப் பக்கம் திரும்பினார். திரை அளவுக்கு அந்த முகம். வெளியூர்க்காரர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

சின்னம்மை ஆசைப்பட்ட மாதிரியே அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

நீங்கள் சிரிப்பீர்கள். நடிப்பு என்று தெரியாதா என்பீர்கள். தெரியும். துப்பாக்கியில் செத்தவன் சாகவில்லை என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குப் பிரம்பை வைத்துப் படிப்பித்தது வேறு. மெய்விவாகத்தைக் கொடுப்பது சாமியார் இல்லை, ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் சொல்லுகிற சம்மதம்தான் கொடுக்கிறது, சாமியார் வெறும் சாட்சி. நான் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். கோவில் இருந்தது, உபதேசியார் இருந்தார், இரண்டு பேரும் வாய்திறந்து சம்மதம் சொன்னார்கள், பார்த்த சாட்சி ஒரு கொட்டகை நிறைய. இதில் எதைக் குறை என்று சொல்வது?

மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டு மாமி எங்கள் அடுக்களைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அம்மையிடம் மட்டும் சொல்கிறாளாம், நானும் சின்னம்மையும் அம்மி பக்கத்திலேயே இருந்தோம்.

"எனக்கு ஒறக்கம் இல்லட்டி. நான் பாக்கேல்ல, பாத்தவ ஒருத்தி பறஞ்சா. அவன் ஒருத்தியக் கெட்டியவனாக்கும். தடை தெரிஞ்சும் மிண்டாம இருந்தா யாருக்குப் பாவம்?"

"அது படமில்லியா?" என்றாள் அம்மை. அவள் ஒருத்திதான் ஊரில் படத்துக்குப் போகாதவள்.

"படமாட்டு இருக்கட்டு. சம்மதம்னு பறஞ்சது அவனுக்க வாயிதானே? தாலி கெட்டேல்ல, மோதரம்தான் போட்டான்னு சிலது பறயுது. அதெல்லாம் சாமியாரு தீர்மானிக்கட்டு. பூசை கழிஞ்சு உள்ள போயிப் பறஞ்சிருவேன். பாட்டுக்காரி ஒருத்தியும் கூட வாறேன்னு சொல்லியிருக்கா."

இரண்டு பேர். பூசை முடிந்து, சாமியார் உடுப்பு மாற்றுகிற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அங்கே அழுது, படத்துக்குப் போனதையும் பாவசங்கீர்த்தனமாகச் சொல்லிவிட்டால் ஊருக்குத் தெரியாது. அவர் ஆயருக்கு எழுதுவார். பதில் வருவதற்குள் விசா காலாவதியாகும். சின்னம்மை அரைப்பதை நிறுத்தவில்லை. தேங்காய் எப்போதோ அரைந்துவிட்டிருந்தது, வெறும் கல்லைத்தான் அரைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா பாடு இன்னும் மோசம். சம்பந்தத்தை நிறுத்தவேண்டும் என்கிறார், ஏன் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார். "மாப்பிளைக்க ஆளு சரியில்லன்னு கேள்விப்பட்டேன்" என்றார். எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று அம்மை கேட்டதற்கு, "மீன் ஏலத்துல" என்றார். அன்றைக்கு அவரைப் பெரிய விவேகி என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், தானும் கொட்டகையில் இருந்த குட்டு வெளிப்படாமல் தங்கையின் கல்யாணத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் தவித்த ஒரு சாதாரண மனிதர்தான் அவர்.

சனிக்கிழமை, தேங்காய்ப்பட்டணத்தில் சட்டைத்துணி எடுக்கவேண்டும் என்று சின்னம்மை என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். கடத்துத் தோணித் துறைக்கு வந்ததும் கடைக்குப் போகாமல் தோணி ஏறினோம். அந்தக் கரையில் படகு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார் அவர். முழங்கைவரை கரி. மண்ணெண்ணெய் வாடை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சின்னம்மை புன்னை மர நிழலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் பேசக்கூடாது, பார்க்கக்கூடாது. அதனால் என்னிடம் பேசினாள்.

"கேளு மக்கா. படத்துல சம்மதம்னு பறஞ்சது அவருக்க சத்தம்தானான்னு கேளு."

நான் கேட்டேன். அவர் சிரித்தார். "அதா? நடிக்க வேண்டியவன் சிப்பி தின்னு வயித்தால போயிக் கெடந்தான். கோட்டு எனக்குக் கணக்கா இருந்துன்னு என்னைப் புடிச்சு நிறுத்திட்டினும். சின்னம்மகிட்ட பறை, பயந்தது மட்டும் நடிப்பில்ல. வெடி வெடிக்கும்னு யாரும் எனக்குப் பறயேல்ல."

"சிரிக்காண்டாம்னு சொல்லு மக்கா. அவ யாருன்னு கேளு."

"யாருக்குத் தெரியும்? ஆட வந்த பிள்ளை. பேருகூடத் தெரியாது."

"பேரு தெரியாத பிள்ளைகிட்டயா சம்மதம்னு பறஞ்சாருன்னு கேளு."

நான் திரும்பச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவருக்கே கேட்டுவிட்டது. சிரிப்பை நிறுத்திக் கையைத் துணியில் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கரி பரவியதே தவிரப் போகவில்லை.

"அந்தப் பிள்ளை கண்ணீரு விட்டுக் கரஞ்சாளே, கரையச் சொன்னாங்களான்னு கேளு."

அவர் துணியைக் கீழே போட்டார். "தெரியாது. கரையணும்னு யாரும் பறஞ்சது எனக்குக் கேக்கேல்ல. கேமரா நின்ன பிறவும் கரஞ்சிட்டுத்தான் இருந்தா."

சின்னம்மை சட்டென்று திரும்பினாள். முதன்முதலாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள், முதன்முதலாக நேராகக் கேட்டாள்.

"நாளைக்கு ஓலை வாசிச்சா, உங்களுக்குச் சம்மதமா?"

"உள்ளதாட்டுச் சம்மதம்" என்றார் அவர்.  குரல் திரையில் கேட்ட அளவுக்குத் தெளிவாக வரவில்லை.

சட்டைத்துணி வாங்காமலே திரும்பினோம்.  தோணியில் அவள் என் கையை எலும்பு நோகிறமாதிரிப் பிடித்திருந்தாள்.

ஞாயிறு கோவிலில் நிற்க இடமில்லை. அவ்வளவு கூட்டம் பெருநாளுக்குத்தான் வரும். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், எல்லோரும் தரையில். பக்கத்து வீட்டு மாமியும் அந்தப் பாட்டுக்காரியும் அருகருகே, எங்களுக்கு முன்னாலே. பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலையை எடுத்தார். பையன் பேர், அப்பன் பேர், ஊர். பெண் பேர், அப்பன் பேர், இவ்வூர். மூன்றாம் முறை. தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

வழக்கமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். அன்றைக்குக் கோவில் இருந்த இருப்பு அவருக்கே வித்தியாசமாகப் பட்டிருக்கவேண்டும். நிமிர்ந்து பார்த்தார். அப்போது என் பக்கத்திலிருந்து சின்னம்மை எழுந்தாள்.

"சாமி, எனக்குத் தெரியும்."

அம்மை அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

"என்ன தெரியும்?"

"அவரு அந்தக் கிளப்புப் படத்துல ஒரு பிள்ளையைக் கெட்டுகது மாதிரி வருது சாமி. உபதேசியாரு கேட்டாரு, இவரு சம்மதம்னு பறஞ்சாரு. நான் பாத்தேன்."

"எங்கே பார்த்தாய்?"

"கொட்டகையில."

சாமியாரின் முகம் சிவந்தது. கொட்டகை என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் காதில் வேறெதுவும் ஏறவில்லை என்று நினைக்கிறேன். ஒரு கல்யாணப் பெண், கோவிலின் நடுவில் நின்று, அவர் சொல்லை மீறியதைச் சொல்கிறாள். 

"வேறு யார் பார்த்தது?" என்றார். "ஒருத்தி சாட்சி செல்லாது. இந்தக் கோவிலில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எழுந்து நில்லுங்கள்."

 வெளியே அலைச்சத்தம். உத்தரத்தில் குருவி ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு மாமியின் முதுகு லேசாக உயர்ந்தது, எழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி அமர்ந்தாள். பாட்டுக்காரி செபமாலை மணியை உருட்டினாள். மாமாவைத் தேடினேன். அவர் மாதா சுரூபத்தின் பாதத்தை முதல்தடவையாகப் பார்க்கிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ உள்ளங்கால் குறுகுறுத்தது. பார்த்தவர்கள் எழுந்திருக்கவேண்டும், நான் பார்த்தேன், வகுப்பில் பரிசு வாங்கியவள் நான். முழங்காலை ஊன்றினேன். நின்றுகொண்டிருந்த சின்னம்மை என்னைப் பார்க்காமலே தன் பாதத்தைத் தூக்கி என் பாவாடை விளிம்பின்மேல் வைத்து அழுத்தினாள்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஒருவரும் பார்க்கவில்லை" என்றார் சாமியார். அது கேள்வியா பதிலா என்று தெரியவில்லை. "அப்படியானால் இது தடையாகாது." ஓலையை மடித்து வைத்தார். பிறகு விரலை நீட்டினார். "நீ முன்னால் வா. பூசை முடியும்வரை முழங்காலில் நில்."

அவள் போய்ப் பீடத்துக்கு நேர் கீழே முழங்காலிட்டாள். நன்மை நேரம் வந்தது. வரிசை கிளம்பியது. பக்கத்து வீட்டு மாமி, பாட்டுக்காரிகள், இடைவேளையில் முக்காட்டுக்குள் நான் பார்த்த அத்தனை முகமும், அந்தப் பக்கத்திலிருந்து மாமாவும், ஒவ்வொருவராக அவளை உரசிக்கொண்டு போய், கண்ணை மூடி, நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை. வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வயிறு வலிக்கிறது என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அது பொய்யுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா குதித்தார். "உனக்குப் பித்தாட்டி? நீயே போயி உனக்க கல்யாணத்துக்குத் தடை பறயியா? எவளாவது எந்திரிச்சிருந்தா?"

சின்னம்மை கஞ்சித்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் பல்லில் இடித்துக் கடகடவென்றது.

"நான் மிண்டாம இருந்திருந்தா பூசை கழிஞ்சு ரெண்டு பேரு உள்ள போயிப் பறஞ்சிருப்பினும். கதவு சாத்தியிருந்தா எல்லாருக்கும் தைரியம் வரும். ஊரு கூடியிருக்க எடத்துல எவளுக்கு வரும்? இனி போயிப் பறஞ்சா, அப்ப என்னத்துக்கு எந்திரிக்கேல்லன்னு சாமியாரு கேப்பாரு. நன்மை வேற வாங்கியாச்சு." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நீங்க எந்திரிக்காதது நல்லதாப் போச்சு அண்ணா."

 கல்யாணத்தன்று பந்தல் வேலையெல்லாம் மாமாவே இழுத்துப்போட்டுச் செய்தார்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அவள் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். தோல் உரிந்திருந்தது. எனக்குள் இருந்த கேள்வியைக் கேட்டேன்.

"சின்னம்மே, அவரு அந்தப் பிள்ளையை உள்ளதாட்டுக் கெட்டேல்லதானே?"

தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "தெரியாது மக்கா" என்றாள்.

"பிறவு?"

"பிறவு என்ன? எனக்கு அவரு வேணும்."

பத்து வயசில் எனக்கு அது பிடிபடவில்லை. ஊரையே மடக்கிய கெட்டிக்காரி என்றுதான் நெடுநாள் அவளைப்பற்றிப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் கல்ஃபுக்குப் போனார், வந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள், வீடு கட்டினார்கள். குறையில்லாத வாழ்க்கை. வருஷாவருஷம் கல்யாண நாளன்று அவள் ஒரு பூசைக்குக் கொடுப்பாள். "ஒரு சகோதரியின் நலனுக்காக" என்று கோவிலில் வாசிப்பார்கள். என் அம்மைக்காக என்று நாங்களும், அம்மை போனபிறகு வேறு யாருக்கோ என்றும் நினைத்துக்கொண்டோம். ஒருவரும் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் அவள் படுத்துவிட்டாள். ஒருநாள் என்னைக் கிட்டே கூப்பிட்டு, இனி அந்தப் பூசையை நான்தான் கொடுக்கவேண்டும் என்றாள். யாருக்கு என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளைக்கு. சம்மதம்னு பறஞ்சிட்டுக் கரஞ்சாளே, அவளுக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமா என்றேன். நடிப்பு கல்யாணமாகாது என்று எந்தச் சாமியாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாரே என்றேன்.

"கேட்டேன் மக்கா. ஒரு சின்னச் சாமியாருகிட்ட. சிரிச்சிட்டாரு. கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவ கரஞ்சது என்னத்துக்குன்னு அவருக்கு மட்டும் தெரியுமா?"

அவரோடு இருந்த அத்தனை வருஷமும் இன்னொருத்தியின் புருஷனோடு வாழ்கிறோமோ என்ற பயத்தோடுதான் வாழ்ந்திருக்கிறாள். அதை அவரிடம்கூடச் சொன்னதில்லை. சிரிக்கிற எல்லோரும் சிரிக்கட்டும். 

அவளை அடக்கம் செய்தாயிற்று. இந்த வருஷம் அந்தக் கல்யாண நாள் வந்தபோது நான் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஒரு சகோதரிக்காக என்றேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான், "நலனுக்கா, ஆன்ம இளைப்பாற்றிக்கா?"

உயிரோடிருந்தால் நலனுக்கு. செத்துவிட்டால் இளைப்பாற்றிக்கு. பேர் தெரியாது, ஊர் தெரியாது, எதற்கு அழுதாள் என்றும் தெரியாது. பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். பையன் மறுபடி கேட்டான்.

"நலனுக்குன்னே எழுதுங்க தம்பி" என்றேன்.